வாலை மட்டும் நம்பினால் போதாது: பனை உழவாரனும் நாட்டு உழவாரனும்

மாலை ஐந்தரை மணிக்கு மொட்டைமாடியில் நின்றால் தலைக்கு மேலே கறுப்பாகச் சின்னச் சின்ன உருவங்கள் பாய்ந்து பாய்ந்து பறப்பதை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்போம். காயப்போட்ட துணியை எடுக்க வந்தவர் "தகைவிலான்" என்பார். பக்கத்து மாடியில் இருப்பவர் "வௌவால் இப்பவே கிளம்பிடுச்சு" என்பார். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கிய பிள்ளை "ஸ்விஃப்ட்" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளும். ஆளுக்கொரு பெயர் சொன்னாலும், அங்கே பறப்பது ஒரே பறவை என்று நினைப்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

நம் ஊர் வானத்தில் பெரும்பாலும் இரண்டு வகை உழவாரன்கள் கலந்து பறக்கின்றன. ஒன்று பனை உழவாரன். மற்றது நாட்டு உழவாரன். இவற்றைப் பிரித்தறிய என்ன வழி என்று கேட்டால், தெரிந்தவர்கள் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார்கள்: "வால் பிளந்திருந்தால் பனை உழவாரன், நேராக வெட்டினதுபோல இருந்தால் நாட்டு உழவாரன்."

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தால் அடிக்கடி தவறிவிடும். பிளந்த வாலை எதிர்பார்த்து நிற்பவருக்கு, மேலே பறக்கிற பனை உழவாரனின் வால் பிளவே இல்லாமல் ஊசிபோலத் தெரியும். ஏன் அப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அது உழவாரன்தானா?

ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் எனப்படும் பறவைக் குடும்பத்துக்குத் தமிழில் உழவாரன் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பர் கையில் இருக்கும் உழவாரப்படை பலருக்கு நினைவுக்கு வரும். ஸ்வாலோ எனப்படுவது தகைவிலான். இரண்டும் வாயைத் திறந்துகொண்டு காற்றில் பறக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்பவை. இரண்டுக்கும் நீளமான இறக்கை, குட்டையான அலகு, அகலமான வாய். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் இவை சொந்தக்காரர்கள் அல்ல. தகைவிலான் காக்கை, சிட்டுக்குருவி எல்லாம் அடங்கிய பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. உழவாரனுக்கு நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹம்மிங்பேர்ட் என்கிற தேன்சிட்டு போன்ற பறவை. திமிங்கிலமும் சுறாவும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று பாலூட்டி, மற்றது மீன் இல்லையா? அதே கதைதான் இதுவும். உறவு இல்லாத இரண்டு உயிர்கள் ஒரே வேலையைச் செய்து செய்து, தலைமுறை தலைமுறையாக ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வதைக் குவி பரிணாமம் என்பார்கள்.

தகைவிலானைக் கழித்துக்கட்ட இரண்டு சோதனைகள் உண்டு. முதல் சோதனை மிக எளிது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. உழவாரனின் கால் மிகக் குட்டை. அதன் நான்கு விரல்களையும் முன்பக்கமாகத் திருப்பிக்கொள்ள முடியும். செங்குத்தான சுவரில் தொங்க அந்தக் கால் அருமையாக உதவும். கம்பியைச் சுற்றிப் பிடித்து உட்கார உதவாது. உழவாரன்கள் பலவற்றின் அறிவியல் பெயரில் வரும் ஏபஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் காலில்லாதது என்று பொருள். (கொண்டை உழவாரன் என்று ஒன்று காய்ந்த கிளையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அது வேறு குடும்பம். பெயர் மட்டும்தான் ஒன்று.)

இரண்டாவது சோதனை இறக்கை. உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, அப்புறம் விரல்கள். பறவையின் இறக்கையிலும் இதே மூன்று பகுதிகள் இருக்கின்றன. தகைவிலான் பறக்கும்போது இறக்கை நடுவில் மடங்குவது கண்ணுக்குத் தெரியும். உழவாரனுக்கோ மேல்கை எலும்பு மிகவும் குட்டை, விரல் பகுதி மிகவும் நீளம். மடிப்பு உடம்பை ஒட்டியே முடிந்துவிடுவதால் வெளியே தெரிவதெல்லாம் ஒரே வளைவு. கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி.

முதல் சோதனையில் சொன்ன அந்தக் கால்களை ஒரு தடவை மிக அருகில் பார்த்தேன். பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படி திருப்பத்தில், சுவரோரமாகக் கறுப்பாக ஏதோ கிடந்தது. எடுத்தால் உழவாரன். கழுத்தடியில் வெள்ளை, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இன்னொரு வெள்ளைப் பட்டை. வால் கத்தரியால் நேராக நறுக்கினதுபோல இருந்தது. அப்படியே நாட்டு உழவாரன். சட்டையோடு அணைத்துப் பிடித்தேன். அது நான்கு விரல்களாலும் துணியைக் கவ்விக்கொண்டது. விலக்கிப் பார்த்தால் பூனை நகம்போலக் கூரான நகங்கள், எல்லாம் ஒரே திசையில். கண் குழிக்குள் பதிந்து, மேலே புருவம்போல இறகு நிழல் தந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் அட்டைப் பெட்டியில் இருட்டில் வைத்திருந்துவிட்டு, மாடி விளிம்பில் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். இறக்கை நடுங்கியது. இரண்டு முறை நடுங்கி, கையை விட்டுச் சறுக்கி, ஓர் ஆள் உயரம் கீழே இறங்கி, அப்புறம் எழுந்து போய்விட்டது.

இப்படிக் கீழே கிடக்கும் உழவாரனை யாராவது கண்டெடுத்தால் தயவுசெய்து மேலே தூக்கி எறியாதீர்கள். காயம் பட்டிருந்தாலோ இளங்குஞ்சாக இருந்தாலோ நேராகத் தரையில் வந்து மோதும். திறந்த கையில் வைத்து, அதுவாகப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் காற்று போகும்படி துளை போட்ட பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கம்பியில் உட்காராது, இறக்கை அரிவாள்போல ஒரே வளைவு. இரண்டும் பொருந்தினால் உழவாரன். இனி எந்த உழவாரன் என்ற கேள்வி.

தெருக்கோடியில் வருபவரை எப்படித் தெரிந்துகொள்கிறோம்?

தெருவின் அந்தக் கோடியில் ஒருவர் வருகிறார். முகம் தெரியாது, சட்டை நிறமும் தெரியாது, வெயில் அவருக்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் "மாமா வந்துட்டார்" என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். நடை, தோள் சாய்வு, கை வீசும் விதம் இவைதாம் அடையாளம். முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று நின்றால் அவர் வாசலுக்கு வந்த பிறகுதான் சொல்ல முடியும்.

உழவாரன் ஒருபோதும் வாசலுக்கு வராது. எப்போதும் உயரத்தில், எப்போதும் வெளிச்சத்துக்கு எதிரில்தான் நமக்குக் கிடைக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை போட்டோ எடுத்தால் முகம் இருண்டு போகும் இல்லையா? பின்னால் இருக்கும் வெளிச்சத்துக்குக் கேமரா தன்னைச் சரிசெய்துகொள்வதால், முன்னால் இருப்பவரின் நிறம் எல்லாம் கருமையில் அமுங்கிவிடுகிறது. நம் கண்ணும் அப்படித்தான். வானத்தின் பிரகாசத்துக்குப் பாவை சுருங்கிவிடும். பழுப்பும் கறுப்பும் சாம்பலும் ஒன்றாகிவிடும். இப்படி நிறம் போய் வெறும் வடிவம் மட்டும் தெரிவதை நிழலுருவம் என்று வைத்துக்கொள்வோம்.

பனை உழவாரன் உண்மையில் சாம்பல் கலந்த பழுப்பு. நாட்டு உழவாரன் கிட்டத்தட்டக் கறுப்பு. புத்தகப் படத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று இருக்கும். வானத்தில் இருக்காது. ஆகவே நிறத்திலிருந்து தொடங்காமல் உடல்வாகிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், 12 முதல் 15 செ.மீ.க்குள். ஆனால் பனை உழவாரனின் நீளத்தில் பெரும்பங்கு வாலுக்குப் போய்விடுகிறது. உடம்பு மெலிந்து, இறக்கையும் குறுகி, மொத்த உருவமும் ஈர்க்குச்சியை வளைத்துச் செய்ததுபோல இருக்கும். நாட்டு உழவாரன் கட்டுமஸ்தானது. நெஞ்சு தடித்திருக்கும், இறக்கை சற்று அகலம், பின்பக்கம் சட்டென்று முடிந்துவிடும். பின்னால் ஏதோ குறைகிறதே என்று தோன்றினால் அது நாட்டு உழவாரன். பின்னால் ஏதோ நீண்டுகொண்டே போகிறதே என்று தோன்றினால் பனை உழவாரன். நான் முதலில் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

பறக்கும் விதமும் வேறு. பனை உழவாரன் எடை குறைந்தது. இறக்கையைப் படபடவென்று அடிக்கும், கொஞ்சம் மிதக்கும், மறுபடி படபடக்கும், திடீரென்று திரும்பும். பார்க்கிறவருக்குச் சற்றுப் பதற்றமாகப் பறப்பதுபோல இருக்கும். நாட்டு உழவாரன் இறக்கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நெடுந்தூரம் சறுக்கும். அடிப்பது இடையிடையேதான். காற்றின் மீது அதற்கு நம்பிக்கை அதிகம்போல.

மூடிய கத்தரிக்கோல்

இப்போது வாலுக்கு வருவோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கத்தரிக்கோலை எடுத்து மூடிப் பிடியுங்கள். இரண்டு அலகுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கூர்முனையாகத் தெரியும். அது இரண்டு அலகு உள்ள பொருள் என்பதே தெரியாது. திறந்தால்தான் கவடு தெரியும். பனை உழவாரனின் வால் இந்தக் கத்தரிக்கோல். ஆழமாகப் பிளந்த வால்தான், ஆனால் நேராகப் பறக்கும்போது அது இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடியே வைத்திருக்கிறது. கீழிருந்து பார்த்தால் உடம்பின் முடிவில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். பிளவைத் தேடுகிறவர் "பிளவு இல்லை, அப்போ நாட்டு உழவாரன்" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ஏன் மூடி வைக்கிறது? விரித்த வால் காற்றை எதிர்க்கும். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும் அல்லவா? நேராக வேகமாகப் போக வேண்டிய நேரத்தில் மூடிய குடைதான் நல்லது. ஆனால் பூச்சியைத் துரத்திச் சட்டென்று திரும்ப வேண்டும் என்றால் உடம்பைத் தூக்கிப் பிடிக்கவும் திசை மாற்றவும் அகலமான பரப்பு தேவை. அப்போது வால் விரியும். விரிந்த அந்த அரை நொடியில்தான் கவடு தெரியும். திருப்பம் முடிந்ததும் மறுபடி ஊசி.

நாட்டு உழவாரனிடம் இதற்கு நேரெதிரான வேடிக்கை நடக்கிறது. அதன் வால் குட்டை, நுனி நேர்கோடு. ஆனால் திரும்பும்போது அதுவும் விரிக்கும். விரித்தால் நேர்கோடு மாறி விசிறிபோல லேசாக வளைந்துவிடும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் இறகு வழியே ஒளி ஊடுருவி வால் வெளிறித் தெரியும். எப்படி விரித்தாலும் மூடினாலும் அதில் கவடும் வராது, ஊசியும் வராது.

ஆகவே நான் சொல்லித் தருகிற விதி இது: வாலை ஒரு தடவை பார்க்காதீர்கள், ஒரே பறவையைக் குறைந்தது மூன்று திருப்பம் தொடர்ந்து பாருங்கள். ஊசி, கவடு, ஊசி என்று மாறி மாறி வந்தால் பனை உழவாரன். கட்டை, விசிறி, கட்டை என்று வந்தால் நாட்டு உழவாரன். அசையாத படத்தில் ஒரு நொடிதான் இருக்கும். அதனால்தான் போட்டோ ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்கிறவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இளம்பறவைகள் இதில் கொஞ்சம் விளையாடும். கூட்டைவிட்டு வந்து சில நாளே ஆன பனை உழவாரனுக்கு வாலின் ஓர இறகுகள் முழுதாக வளர்ந்திருக்காது, பிளவும் ஆழமில்லாமல் இருக்கும். அப்போதும் ஈர்க்குச்சி உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மீண்டும் ஒருமுறை: வடிவம் முதலில், வால் அப்புறம், அந்த வாலையும் அசைவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பட்டை எப்போது தெரியும்?

நாட்டு உழவாரனுக்கு இரண்டு வெள்ளை அடையாளங்கள். ஒன்று தொண்டை. இன்னொன்று பிட்டம், அதாவது முதுகு முடிந்து வால் தொடங்குவதற்கு முன் இருக்கும் பகுதி. பனை உழவாரனுக்குப் பிட்டத்தில் வெள்ளை கிடையாது. அப்படியென்றால் இதுவே எளிதான அடையாளம்தானே என்று தோன்றும்.

சிக்கல் என்னவென்றால் பிட்டம் மேல்பக்கம் இருக்கிறது, நாம் கீழே இருக்கிறோம். மாடியில் காயும் வெள்ளை வேட்டி தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் காற்றடித்து வேட்டியின் ஓரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கினால் தெரியும். நாட்டு உழவாரனின் வெள்ளையும் முதுகோடு நிற்காமல் இரு பக்கமும் விலாவோரம்வரை கொஞ்சம் இறங்கியிருக்கும். பறவை ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது அந்த ஓரம் பளிச்சென்று மின்னி மறையும். அதற்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒரு பறவைக்கு மின்னினால்கூட, அது நாட்டு உழவாரன் என்று உறுதி.

இன்னும் நல்ல வழி, நீங்கள் பறவைக்கு மேலே போய்விடுவது. கோட்டை மதில், உயரமான பாலம், மலைப்படி, ஐந்தாறு மாடிக் கட்டடம் எதுவானாலும் சரி. மேலேயிருந்து கீழே பார்த்தால் நிழலுருவம் என்ற தொல்லையே இல்லை. கருத்த முதுகில் அந்த வெள்ளைச் சதுரம் சுண்ணாம்பு தடவினதுபோல இருக்கும். ஒரு தடவை இப்படிப் பார்த்தவருக்கு அப்புறம் கீழிருந்து பார்த்தாலும் கண் பழகிவிடும்.

பனையை ஒட்டிய வாழ்க்கை

பறவையின் பெயரில் மரத்தின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் ஒப்புக்கு வைத்ததாக இருக்கும். பனை உழவாரன் விஷயத்தில் அப்படி இல்லை. இந்தப் பறவை பனையிலேயே கூடு கட்டும், பனையிலேயே இரவு தங்கும்.

காற்றில் விழுந்த காவோலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது அந்தக் கூட்டைக் கண்டேன். பனையோலை விசிறிபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் அல்லவா, அந்த மடிப்பு ஒன்றின் அடிப்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, சின்ன இறகும் பஞ்சும் சேர்ந்த ஒரு திட்டு. நுனியைத் தொட்டால் இறகு மெத்தென்று இருந்தது, ஓலையோடு ஒட்டிய இடம் மட்டும் காய்ந்த பசைபோல விறைத்திருந்தது. அது பறவையின் எச்சில். கூடு கட்டும் பருவத்தில் உழவாரன்களுக்கு நாக்குக்கு அடியிலுள்ள எச்சில் சுரப்பி பெரிதாகும். காற்றில் மிதந்து வரும் இறகையும் பஞ்சையும் பறந்தபடியே கவ்விக்கொண்டு வந்து, இந்த எச்சிலால் ஓலையில் ஒட்டிவிடும். புயலடித்து ஓலை ஆடினாலும் கூடு ஆடுமே தவிர உதிராது. முட்டை இரண்டோ மூன்றோ இருக்கும். கிழக்காசியாவில் சூப் வைக்கிற விலை உயர்ந்த கூடு, முழுக்க எச்சிலாலேயே கட்டும் வேறோர் உழவாரனுடையது. பசை ஒன்றுதான், அளவுதான் வேறு.

இதிலிருந்து அடையாளத்துக்கு ஒரு பெரிய உதவி கிடைக்கிறது. சுற்றிலும் பனை இருக்கிறதா என்று பாருங்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துத் தேரிக்காடுகளிலும் யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களிலும் பனைத் தலைகளைச் சுற்றிச் சுற்றி வரும் மெலிந்த உழவாரன் அநேகமாகப் பனை உழவாரன்தான். நகரத்தில்கூடப் பூங்காவுக்கு நட்ட விசிறிப் பனைகள் இருந்தால் போதும், அங்கே வந்துவிடும். முக்கியமாக அது விரும்புவது மரத்தோடு காய்ந்து தொங்கும் ஓலையை. மரம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று காவோலையை எல்லாம் கழித்துவிட்டால் அதன் வீடு போய்விடும். தமிழ்நாட்டின் மாநில மரத்தில் ஏறி ஓலை கழிக்கிறவர்கள், கூடு உள்ள ஓலையை மட்டும் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைத்தால் பெரிய உதவி.

ஆனால் பனை இருந்தாலே பனை உழவாரன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உழவாரன் இரை தேடி வெகுதூரம் போகும். பனங்காட்டுக்கு மேலே நாட்டு உழவாரனும் பறக்கும். இடம் ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை.

பனைமரத்திலேயே வரிசையாக ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறப் பறவையையும் சிலர் பனை உழவாரன் என்று சொல்கிறார்கள். அது வுட்ஸ்வாலோ. தடித்த உடம்பு, முக்கோண இறக்கை, தாராளமாகக் கம்பியிலும் உட்காரும். முதல் சோதனையே அதைக் கழித்துவிடும்.

கோபுரத்தின் இடுக்கில்

நாட்டு உழவாரனுக்கு மனிதர் கட்டியதுதான் வீடு. கோயில் கோபுர இடுக்கு, மசூதி வளைவு, பழைய கோட்டை, பாலத்தின் அடிப்பகுதி, பஸ் நிலையத்தின் கூரை எதுவானாலும் சரி. வைக்கோல், இறகு, குப்பை எல்லாவற்றையும் எச்சிலில் குழைத்து, கூரையும் சுவரும் சேரும் மூலையில் உருண்டையாக ஒட்டிவைக்கும். ஒன்றோடொன்று நெருங்கிப் பத்து, இருபது என்று கூடுகள் இருக்கும். தகைவிலான் மெனக்கெட்டுக் கட்டிய மண்கூட்டைத் தனதாக்கிக்கொள்வதும் உண்டு. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த பிறகும் இரவுத் தூக்கத்துக்கு அதே கூட்டுக்கு வரும்.

சத்தமும் ஓர் அடையாளம். நாட்டு உழவாரன் கூட்டமாகக் கத்தும். வேகமான, இழுபடும் "சிரிரிரிரி". கோபுரத்தடியில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் தலைக்கு மேலே கேட்கும் அந்தக் கீச்சொலி பல சமயம் இதனுடையதுதான். பனை உழவாரனின் குரல் மெல்லிசு. "டி-டி-டீ" என்று மூன்று துண்டாக, ஊசியால் குத்தினதுபோல வந்து நின்றுவிடும்.

பெயரில் விழுந்த முடிச்சு

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அது பறவைகளால் வந்தது அல்ல, பெயரை மாற்றிய நம்மால் வந்தது.

பறவையியலாளர் சாலிம் அலி காலத்து ஆங்கில நூல்களைத் திறந்தால் நம் ஊர்ப் பறவை ஹவுஸ் ஸ்விஃப்ட் என்று இருக்கும். அறிவியல் பெயர் ஏபஸ் அஃபினிஸ். பிறகு ஆய்வாளர்கள் அந்த ஒரே இனமாக எண்ணப்பட்டதை இரண்டாகப் பிரித்தார்கள். இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் பக்கம்வரை பரவியிருப்பது ஏபஸ் நிபாலென்சிஸ். பெயரிலேயே நேபாளம் இருக்கிறது. ஹவுஸ் ஸ்விஃப்ட் என்ற ஆங்கிலப் பெயர் அதற்குப் போய்விட்டது. நம் ஊர் ஏபஸ் அஃபினிஸ், லிட்டில் ஸ்விஃப்ட் ஆகிவிட்டது. பழைய புத்தகம் வைத்திருப்பவரும் புதிய செயலி வைத்திருப்பவரும் ஒரே பறவையைப் பார்த்து வேறு வேறு பெயர் சொல்லிச் சண்டை போடுவது இதனால்தான். இருவரும் அவரவர் புத்தகப்படி சரி.

ஆக, மதுரையிலோ கொழும்பிலோ கோபுரத்தைச் சுற்றுவது லிட்டில் ஸ்விஃப்ட். பினாங்கில் இருக்கும் உறவினர் தன் வீட்டுக் கூரையடியில் பார்ப்பது ஹவுஸ் ஸ்விஃப்ட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல. ஹவுஸ் ஸ்விஃப்டின் வால் முனையில் லேசான ஒரு வெட்டு இருக்கும், பிட்டத்து வெள்ளையும் சற்றுக் குறுகலாக இருக்கும். லிட்டில் ஸ்விஃப்டுக்கு அந்த வெட்டு இல்லை. ஆனால் கத்தரிக்கோல் பாடம் இங்கேயும் பொருந்தும்: ஹவுஸ் ஸ்விஃப்ட் வாலை விரித்துவிட்டால் அந்த வெட்டு மறைந்து நேர்கோடாகிவிடும். இரண்டும் சந்திக்கும் வடகிழக்குப் பகுதிகளில் கைதேர்ந்தவர்களும் "இரண்டில் ஒன்று" என்று குறித்துவிட்டு நகர்வதுண்டு. அப்படிக் குறிப்பது நேர்மையான பதிவு என்றே நான் நினைக்கிறேன். தெற்கே நிற்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

மலைக்குப் போனால்

நீலகிரி, பழனிமலைப் பக்கம் போனால் மூன்றாவது ஒன்று கலந்துவிடும். இந்தியன் ஸ்விஃப்ட்லெட் எனப்படும் சிறிய உழவாரன். முழுக்கக் கரும்பழுப்பு, பிட்டத்தில் வெள்ளை இல்லை. அதனால் சமவெளியில் பழகிய கண் உடனே பனை உழவாரன் என்று சொல்லத் துடிக்கும். வாலைப் பாருங்கள்: லேசான வெட்டுதான், ஊசியும் இல்லை, ஆழ்ந்த கவடும் இல்லை. உடம்பும் சற்று உருண்டை. குகை இருட்டில் கூடு கட்டும் பறவை இது. நாக்கைச் சொடுக்கினதுபோல ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிக்கும். அதே மலைகளில் வயிறு வெளுத்த, மிகப் பெரிய உழவாரன் ஒன்று பாய்ந்து போனால் அது ஆல்பைன் ஸ்விஃப்ட். அதன் அளவே சொல்லிவிடும்.

இந்தக் குடும்பத்தின் பறக்கும் திறனைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவில் கூடு கட்டும் காமன் ஸ்விஃப்ட் மீது சிறு கருவிகளைப் பொருத்தி, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கூடு கட்டாத பத்து மாதமும் சில பறவைகள் எங்கேயும் இறங்காமல் காற்றிலேயே இருந்திருக்கின்றன. நம் ஊர் உழவாரன்கள் அப்படி இல்லை, தினமும் வீடு திரும்புகிறவை. அதனால்தான் மாலையில் அவற்றைப் பார்ப்பது நமக்கு எளிதாகிறது.

ஒரு மாலை பார்க்கலாம்

கோயில் குளமும், குளக்கரையில் நாலு பனையும், பக்கத்தில் ஒரு பழைய கோபுரமும் இருக்கும் ஊராகத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட ஊருக்கா நமக்குப் பஞ்சம்? சூரியன் விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டால் நிழலுருவத் தொல்லை பாதி குறையும். தூரநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேகமாகத் திரும்பும் பறவையை வெறும் கண்ணால் தொடர்வது பல சமயம் சுலபம்.

ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது மறையும்வரை விடாதீர்கள். ஈர்க்குச்சியா, கட்டையா? படபடப்பா, சறுக்கலா? திரும்பும்போது பின்னால் என்ன நடந்தது? ஓரத்தில் ஏதாவது மின்னியதா? அப்புறம் அடுத்த பறவை.

வெளிச்சம் மங்கும்போது நாட்டு உழவாரன்கள் எல்லாம் உயரத்தில் ஒன்று சேரும். ஒன்றோடொன்று நெருங்கி, கறுப்புப் பந்துபோல உருண்டு, சத்தமாகக் கத்திக்கொண்டே மேலே மேலே போகும். பந்து கலையும், கூடும், மறுபடி கலையும். பிறகு ஒவ்வொன்றாகக் கோபுர இடுக்குக்குள் பாய்ந்து காணாமல் போகும். அந்தச் சமயத்தில் ஆரவாரம் எதுவும் இல்லாமல் பனை உழவாரன்களும் திரும்பிக்கொண்டிருக்கும். பனைத் தலையை ஒருமுறை சுற்றிவந்து, தொங்கும் காவோலையின் அடியில் நகத்தை மாட்டி, செங்குத்தாகத் தொங்கிவிடும். மரத்தடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். ஓலை சலசலப்புக்கு நடுவே, மெல்லிசாக, மூன்று துண்டாக, "டி-டி-டீ".